கொக்கின் இடுப்புப் பட்டி

மார்ச் 3, செவ்வாய்

வெல்க்ரோவைக் கண்டுபிடித்தவனுக்கு வியர்த்ததே இல்லை போலிருக்கிறது.

இன்று ஒத்திகையில் கொக்கு மறுபடியும் தரைக்குள் இறங்கிவிட்டது. கணுக்கால் புதைந்து, அப்புறம் இன்னும் கொஞ்சம். இயக்குநர் சிரித்தார். "சதுப்பு நிலம்தானே, விடுப்பா, நல்லாத்தான் இருக்கு!" சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒரு பட்டி ஒழுங்கா கட்டத் தெரியாதா உனக்கு?"

தெரியாது. நாலு வருஷம் இன்ஜினியரிங்கில் அதைத் தவிர எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்.

எங்கள் காட்சி இவ்வளவுதான். பார்க்க வருகிறவர்கள் கண்ணை மூடும் விஆர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். அவர்களுக்கு ஒரு சதுப்பு நிலம் தெரியும். நடுவில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு கொக்கு நடந்து வரும். பெண் முகம், மனுஷக் கை, கொக்குக் கால். அதை உயிரோடு ஓர் ஆள் ஆட வேண்டும். தலையில் ஹெட்செட், கையில் இரண்டு கட்டை, இடுப்பில் பட்டியால் கட்டிய ஒரு டிராக்கர் (அசைவைக் கணினிக்குச் சொல்லும் சின்னப் பெட்டி), இரண்டு கணுக்காலுக்கு மேலும் ஒவ்வொன்று. ஆள் காலைத் தூக்கினால் கொக்கு காலைத் தூக்கும். டிராக்கர் நழுவினால் கொக்கும் நழுவும். இங்கே விரல் அகலம் நழுவினால் அங்கே ஒரு முழம்.

கொக்கை இப்போது ஆடுவது ஜிம். பெயர் ஏதோ இருக்கிறது, தோளைப் பார்த்தால் மறந்துவிடும். நல்ல பையன். ஆனால் அவன் நடந்தால் கொக்கு நடப்பதுபோல் இல்லை, கொக்கு வாடகை கேட்க வருவதுபோல் இருக்கிறது. இயக்குநருக்கும் தெரியும். "இந்த ஊர்ல ஒரு மனுஷனுக்குக்கூட மெதுவா நடக்கத் தெரியாதா?" என்று ஒத்திகை நடக்கும் கிடங்கே அதிரக் கேட்டார். சுவரில் ஏணி போட்டு சென்சார் பெட்டி மாட்டிக்கொண்டிருந்த பல்லி (எப்போதும் சுவரோடு ஒட்டியிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர்) மேலிருந்தே பதில் சொன்னார்: "மெதுவா நடந்தா நீங்கதான் சார் திட்டுறீங்க."

எனக்கு ஓர் ஆளைத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 4, புதன்

சாப்பிடும்போது வாய் தவறிக் கொக்கைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அடுப்படி வாசலிலிருந்து ஜன்னல் வரை கொக்காக நடந்தாள். அவ்வளவுதான் தூரம். அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அக்கா பத்து வருஷம் மேடையில் வாய் பேசாமல் நடித்தவள். அவர்கள் குழுவில் வசனமே கிடையாது, உடம்புதான் பேச்சு. ஒரு பஸ் பார்க்காமல் திரும்பியதில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது அங்கே ஒரு கிண்ணம், அதிலிருந்து ஓர் உலோகத் தண்டு, முனையில் ரப்பர் பாதம். குழுவில் "ரெஸ்ட் எடும்மா" என்றார்கள். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. இப்போது ஒரு கம்பெனியில் போன் எடுக்கிறாள். "உங்கள் பொறுமைக்கு நன்றி." பேசாமல் இருந்து பேர் வாங்கியவளுக்கு இப்போது நாள் முழுக்கப் பேசுவதற்குச் சம்பளம்.

"ஒத்தக் கால்ல நிக்கணுமா உங்க கொக்கு?" என்று கேட்டாள்.

"நிக்கணும். ரொம்ப நேரம்."

"அப்போ அது என் வேலைடா. வேற யாரு அனுபவம் காட்டுவா?"

மார்ச் 6, வெள்ளி

அந்த "ஓ" இன்னும் காதில் இருக்கிறது.

அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். நீளமான பேண்ட் போட்டிருந்தாள். டிராக்கர் எதுவும் இல்லாமல் சும்மா நடந்து காட்டச் சொன்னார் இயக்குநர். நடந்தாள். விரல் நுனி முதலில் இல்லாத தண்ணீரைத் தொட்டுப் பார்க்கும். பிறகு பாதம். உடம்பின் கனம் மட்டும் பின்னாலேயே தங்கி யோசித்துவிட்டுக் கடைசியாக வரும். ஜிம் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தவன் குடிக்கவே இல்லை. பல்லி ஏணியிலிருந்து இறங்கி வந்துவிட்டார், அவர் யாருக்காகவும் இறங்குகிறவர் இல்லை.

இயக்குநர் கையை ஒரு தட்டுத் தட்டினார். "எங்கம்மா இருந்த இத்தனை நாளா?"

அளவு பார்ப்பதற்காக அக்கா பேண்ட்டை மடித்துவிட்டாள். தண்டு தெரிந்தது.

"ஓ," என்றார்.

ஓர் எழுத்து. அதற்கு முன் சொன்னதையெல்லாம் அந்த ஓர் எழுத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார். முன்னால் பார்த்த அதே நடை. அதே கால். நடக்கும்போது அது அங்கே இல்லாமல் பேண்ட்டுக்குள் வேறு யாருடைய காலா இருந்தது?

"திங்கக்கிழமை டிராக்கர் மாட்டிப் பாப்போம்," என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார். அக்காவைப் பார்த்து இல்லை.

மார்ச் 9, திங்கள்

நொண்டியது.

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதாவிட்டால் எதையாவது உடைப்பேன்.

காலையில் நாற்காலி எடுத்துப் போட்டேன். "நான் நின்னுக்கிறேன்டா," என்றாள். "பேசாம உக்காரு, இங்க யாருக்கும் வீரத்தைக் காட்ட வேண்டாம்," என்றேன். உட்கார்ந்தாள். இடுப்புக்குப் பட்டி, வலது காலுக்குப் பட்டி. இடது பக்கம் தண்டில் பட்டி நிற்கவில்லை. கேமரா ஸ்டாண்டில் இருந்த கவ்வி ஒன்றைக் கழற்றி டிராக்கரோடு சேர்த்து முறுக்கினேன். கல் மாதிரி நின்றது. எழுந்து நிற்கச் சொல்லி, அவள் உடம்பையும் கொக்கின் உடம்பையும் பொருத்தும் கேலிபரேஷன் செய்தேன். கைகளை விரித்து நேராக நின்றாள், திரையில் கொக்கும் விரித்து நின்றது. எல்லாம் சரி.

நடக்க ஆரம்பித்தாள். முதல் சுற்று அற்புதம். இரண்டாவது சுற்றில் கொக்கின் இடது முழங்கால் லேசாக மடிய ஆரம்பித்தது. அக்கா காலை நேராகத்தான் வைக்கிறாள், என் கண்ணால் பார்க்கிறேன். திரையில் கொக்கு இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறது. வலது கால் ஜோராக இருக்கிறது. இடது மட்டும்.

கேவலம் அதற்கப்புறம்தான். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள், அப்புறம் அக்காவின் காலைப் பார்த்தார்கள், அப்புறம் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். ஹெட்செட்டுக்குள் இருந்த அக்காவுக்கு மட்டும் தெரியவில்லை. கொக்கின் கண்ணிலிருந்து சதுப்பு நிலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நடந்தாள்.

இயக்குநர் மெதுவாகச் சொன்னார், மெதுவாகச் சொன்னால் இரக்கம் என்று நினைப்பு: "மெட்டலாச்சேப்பா அது. சிக்னல் அடிச்சுத் திரும்பும்."

இருக்கலாம். பளபளப்பான பொருள் பட்டால் சென்சார் ஒளி சிதறும், அது உண்மைதான். தண்டை மறைத்துப் பார்க்கிறேன் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

தண்டு முழுவதும் கறுப்பு டேப் சுற்றினேன். அக்கா குனிந்து பார்த்தாள். "என் காலுக்கு என்னடா துக்கம்?"

நான் சிரிக்கவில்லை. அவளும் அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

மறுபடியும் அதே நொண்டல். அதே இடது கால். டேப்பாவது மண்ணாங்கட்டியாவது.

அதற்கு மேல் இன்னொன்று. பிற்பகல் ஜிம் ஆடினான். அவனுக்கும் பட்டி இறங்கியது, கொக்கு வழக்கம்போல் தரைக்குள் போனது. கழுத்துகூட ஒரு முழம் நீண்டது. ஹெட்செட் தலையிலேயே இருக்க, கீழே இருப்பதெல்லாம் இறங்கினால் கழுத்துதானே நீளும்? கொக்குக்குக் கழுத்து நீண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? இயக்குநர் என்ன சொன்னார் தெரியுமா? "அந்தப் பட்டியை மாத்துப்பா."

ஜிம்முக்கு நழுவினால் பட்டி சரியில்லை. அக்காவுக்கு நழுவினால் கால் சரியில்லை.

கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்தது? "சார், ரெண்டும் அதே பட்டிதான். அதே கடை, அதே டப்பா. அவனுக்கு ஒரு நியாயம், எங்க அக்காவுக்கு ஒரு நியாயமா?"

"தம்பி, நான் பாக்கறதத்தான் சொல்றேன். கொக்கு நொண்டுது. இடது கால்ல நொண்டுது. நான் என்ன கனவா காண்றேன்?"

நொண்டத்தான் செய்கிறது. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அடுத்த வாரம் வெள்ளி கடைசித் தடவை. அன்றைக்கும் நொண்டினால் ஜிம்தான் கொக்கு. "சும்மா பாவம் பாத்துச் சேத்தேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது பாரு, அவங்களுக்கும் அது அசிங்கம்," என்றார். நல்ல மனசு! அசிங்கத்தைக்கூட அக்கா பெயரில் எழுதிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போது சொன்னாள்: "இது போச்சுன்னா நான் மறுபடி எங்கயும் போய் நடந்து காட்ட மாட்டேன்டா. சொல்லிட்டேன்."

மார்ச் 13, வெள்ளி

வீட்டிலேயே கட்டிப் பார்க்கலாம் என்று டிராக்கர்களைப் பையில் போட்டு எடுத்து வந்தேன். நழுவுகிறதா, நழுவட்டும் பார்ப்போம், என்று அக்காவைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து இழுத்துக் கட்டினேன். இடுப்பில் ஓர் இழுப்பு, வலது காலில் ஓர் இழுப்பு. இன்னும் ஓர் இழுப்பு. அவள் ஏதோ சொன்னாள், நான் கேட்கவில்லை. நான் இயக்குநரின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"மரத்துப் போச்சுடா!"

அவிழ்த்துப் பார்த்தால் வலது காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வரி, வெல்க்ரோவின் பல் அப்படியே பதிந்திருக்கிறது. பாதம் வெளுத்துப் போயிருந்தது. தேய்த்துவிடப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கறது ஒண்ணுடா. அதையும் வெட்டிட்டுத்தான் விடுவியா?"

"நான் உனக்காகத்தானே—"

"எனக்காகவா? நீ அந்த ஆளோட சண்டை போட்டுக்கிட்டிருக்க. உன் கோவத்தைக் கொண்டு வந்து என் கால்ல கட்டாத. அவர் 'ஓ'ன்னு சொன்னார், சரி. அந்த 'ஓ'வைக் கேட்டது நான். எனக்கு இல்லாத வலி உனக்கு என்ன?"

"உனக்கு வலிக்கலையா?"

"வலிச்சுது. வலிச்சா நான் நடப்பேன். நீ கத்துவ. அதான் வித்தியாசம்."

அம்மா கதவருகில் வந்து நின்றாள். "ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்களா?" அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இத்தனை இறுக்கிக் கட்டியும், கதவு வரை நடப்பதற்குள் இடுப்புப் பட்டி இறங்கிவிட்டது. பார்த்தேன். கண்ணால் பார்த்தேன். என்ன எழவு இது?

மார்ச் 14, சனி

அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. அம்மா இரண்டு அறைக்கும் நடுவில் தபால்காரர் வேலை பார்க்கிறாள். "சாப்பிட்டாளான்னு கேட்டான்." "சாப்பிட்டேன்னு சொல்லு."

மார்ச் 16, திங்கள்

முட்டாள். முட்டாள். முட்டாள். நான்தான்.

அவள் காலை ஊன்றிய ஒவ்வொரு முறையும் மூன்று டிராக்கரும் இருந்த உயரத்தின் பதிவை ஒன்றுக்குக் கீழே ஒன்றாகத் திரையில் விரித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. ஏன் செய்யவில்லை? எல்லாரும் இடது கால் என்றார்கள், நானும் இடது காலையே முறைத்துக்கொண்டிருந்தேன். டேப் வேறு சுற்றினேன்.

இடது கணுக்கால்: ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. ஒத்திகை முழுக்க வைத்த இடத்திலேயே இருக்கிறது. இந்தக் கிடங்கில் இவ்வளவு ஒழுங்கான பதிவை நான் பார்த்ததே இல்லை. உலோகத்தில் கவ்வி போட்டு முறுக்கியிருக்கிறேன். சதை இல்லை, வியர்வை இல்லை. எப்படி நழுவும்?

இடுப்பு: இறங்குகிறது. வலது கணுக்கால்: இறங்குகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

முழங்காலில் நாங்கள் எதுவும் கட்டுவதில்லை. இடுப்புக்கும் கணுக்காலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பார்த்து முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கும் என்று மென்பொருள் ஊகிக்கிறது. தூரம் குறைந்தால் கால் மடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். வலது பக்கம் இடுப்பும் கணுக்காலும் கைகோத்துக்கொண்டு இறங்கின. தூரம் மாறவில்லை. கால் நேராகத் தெரிந்தது. இடது பக்கம் இடுப்பு மட்டும் இறங்கியது, கணுக்கால் இருந்த இடத்தில் இருந்தது. தூரம் குறைந்தது. கொக்கு நொண்டியது.

ஜிம்முக்கு மூன்றுமே சேர்ந்து இறங்கும். மூன்றும் ஒத்துப் பேசிப் பொய் சொல்லும். அதனால்தான் அவன் கொக்கு நொண்டவில்லை, தரைக்குள் மட்டும் போனது, எல்லாரும் சிரித்தார்கள். அக்காவிடம் அந்த ஒன்று மட்டும் கூட்டுச் சேரவில்லை. அதன் தலையில் பழியைப் போட்டோம்.

பல்லியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அப்போ இந்தக் கால்தான் யோக்கியன்."

"ஆமாண்ணே."

"நீ அதுக்குத்தான் கறுப்பு டேப் சுத்தின."

போய்விட்டார். மனுஷன் ஏணியில் இருக்கும்போதே பரவாயில்லை.

சரி. இடுப்பு ஏன் இறங்குகிறது? ஜிம்முக்கும் இறங்குகிறது, ஆனால் வியர்த்து ஊறிய பிறகு. அக்காவுக்கு இரண்டாவது சுற்றிலேயே. அவள் இடுப்பு வழுக்குப் பாறையா? புரியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அக்காவின் கதவைத் தட்டி லேப்டாப்பை நீட்டினேன். மன்னிப்பு என்ற சொல் எனக்கு வராது, பதிவை மட்டும் விளக்கினேன். அவள் அந்த நேர்க்கோட்டையே ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது நானா?"

"ம்."

"டேப்பைப் பிரி."

குனிந்து உட்கார்ந்து பிரித்தேன். பசை ஒட்டிக்கொண்டு வரவில்லை. எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தேன். அவள் மேலிருந்து, "அங்க, அங்க இன்னும் இருக்கு பாரு," என்று வேலை வாங்கினாள். பேச ஆரம்பித்துவிட்டாள், போதும்.

மார்ச் 18, புதன்

பட்டிகளோடு அவள் அறைக்குப் போனேன். "உக்காரு."

"மாட்டேன்."

"அக்கா, மறுபடி ஆரம்பிக்காத—"

"நீதான் ஆரம்பிக்கிற. முதல் நாளும் சொன்னேன், நின்னுக்கிறேன்னு. அந்த ஜிம் பையனை உக்கார வச்சா கட்டுற?"

இல்லை. அவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், நான் கட்டுவேன்.

"அவன் நின்னா நிக்கறது. நான் நின்னா வீரமா?"

அலமாரியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கட்டினேன். சாதாரணமாக, இழுக்காமல். வெல்க்ரோ இத்தனை நாள் வந்த இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி வந்து ஒட்டியது.

நாலு விரல்.

அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்தால் வயிறு மடிந்து இடுப்பு பெருக்கும். அந்த அளவுக்குப் பட்டியைக் கட்டிவிட்டு எழுந்து நிற்கச் சொன்னால் அது தளர்ந்து தொங்காமல் என்ன செய்யும்? பேண்ட் பெல்ட் போடுகிற எவனுக்கும் தெரிந்த விஷயம். கெண்டைக்காலும் அப்படித்தான். தொங்கவிட்ட காலில் சதை தளர்ந்து கிடக்கும். நின்று மிதித்தால் திரண்டு பட்டியைக் கீழே தள்ளும். உட்கார வைத்து எவ்வளவு இறுக்கினாலும் ரத்தம்தான் நிற்கும், பட்டி நிற்காது.

பட்டி, வியர்வை, உலோகம் எதுவுமே காரணம் இல்லை. நான் போட்ட நாற்காலி. யாரும் கேட்காமல் நானே எடுத்துப் போட்ட நாற்காலி. இயக்குநர் ஒரு முறை "ஓ" என்றார். நான் தினமும் ஒரு நாற்காலி போட்டு அதையே சொல்லியிருக்கிறேன்.

அவளிடம் சொன்னேன். கடைசி வரியைத் தவிர.

அவள் மேசை இழுப்பறையிலிருந்து பழைய லைனர் ஒன்றை எடுத்தாள். கிண்ணத்துக்குள் மிச்சக் கால் வழுக்காமல் பிடித்துக்கொள்ள உள்ளே போடும் சிலிக்கான் உறை, கிழிந்துபோனது. "இதுதான் என்னைத் தினமும் என் காலோட சேத்து வச்சிருக்கு. உன் பட்டிக்கு உள்பக்கம் ஒரு துண்டு வச்சுத் தை. வியர்த்தா இன்னும் நல்லாப் பிடிக்கும்."

தைத்தேன். ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. அம்மா பிடுங்கித் தானே தைத்து முடித்தாள். "இவனுக்கு எதையும் குத்தாம ஒரு வேலை செய்யத் தெரியாது."

வீட்டுக்குள் நடந்தாள். அடுப்படி, ஜன்னல், அடுப்படி, ஜன்னல். பல்லியிடம் கடன் வாங்கிய சென்சார் பெட்டியை அலமாரிமேல் வைத்திருந்தேன். லேப்டாப்பில் மூன்று கோடு. மூன்றும் நேர்.

மார்ச் 20, வெள்ளி

நின்றது.

நாற்காலியை நானே காலால் ஓரத்துக்குத் தள்ளினேன். அக்கா நின்றாள், கட்டினேன். பேண்ட்டை முட்டி வரை மடித்துவிட்டாள், தண்டு விளக்கொளியில் கண்ணைப் பறித்தது. இயக்குநர், "டேப்பு...?" என்று ஆரம்பித்தார். "தேவையில்ல சார்," என்றேன்.

முதல் சுற்று. இரண்டாவது. மூன்றாவது. வியர்த்து முதுகு நனைந்துவிட்டது. கொக்கு தரைக்குள் போகவில்லை, நொண்டவில்லை. பிறகு நடுவில் வந்து நின்று, வலது காலை மெதுவாக மடித்து மேலே எடுத்துக்கொண்டாள். அந்த உலோகத் தண்டின் மேல், ஒற்றைக் காலில். திரையில் அவ்வளவு பெரிய கொக்கு அசையாமல் நிற்கிறது, கழுத்து மட்டும் திரும்பி எங்களைப் பார்க்கிறது. பல்லி பக்கத்தில் மூக்கை உறிஞ்சினார், தூசி என்றார்.

காலை இறக்கி வைத்ததும் இயக்குநர் கேட்டது: "பட்டியை மாத்திட்டியா?"

பதிவைக் காட்டினேன். இடது காலின் கோட்டில் விரலை வைத்து அழுத்திக் காட்டினேன். பார்த்தார். புரிந்தது, முகத்தில் தெரிந்தது. புரிந்த பிறகும் தாடையைச் சொறிந்துகொண்டு, "அது சரிப்பா... ஆனா நேரடி காட்சி. ஜனங்க உக்காந்திருப்பாங்க. இருட்டு வேற. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. "அன்னைக்கு மெட்டல்னீங்க, அப்புறம் நொண்டுதுன்னீங்க, இன்னைக்கு இருட்டுங்கறீங்க, நாளைக்கு என்ன, கிரகணமா?" என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது, ஜிம் சிரித்துவிட்டதால்.

"நீ வாயை மூடு," என்றாள் அக்கா. ஹெட்செட்டைக் கழற்றி என் கையில் திணித்தாள். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. "சார், விழுந்தா எழுந்திருப்பேன். அந்தப் பழக்கம் எனக்கு இருக்கற அளவுக்கு இங்க யாருக்கும் கிடையாது. இவன் கோவத்தை விடுங்க, உங்க பயத்தையும் விடுங்க. உங்களுக்கு இந்தக் கொக்கு வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

ஜிம்தான் வாயைத் திறந்தான். "சார், அவங்களே பண்ணட்டும் சார். நான் பண்றது கொக்கே இல்ல. பெரிய கோழி."

இயக்குநர் கையை ஒரு தட்டுத் தட்டினார்.

"வேணும்," என்றார்.

அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

மார்ச் 23, திங்கள்

கம்பெனியில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கடைசி அழைப்பில் யாரோ திட்டினாராம். "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்லாமல் வைத்துவிட்டாளாம். வீட்டில் அதை நடித்துக் காட்டினாள், வசனம் இல்லாமல். அம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரல் 2, வியாழன்

விளம்பரத்தில் "தன்னம்பிக்கையின் சிகரம்" என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். யார் எழுதியது என்று கேட்டு அலுவலக அறை வரை போனேன். அக்கா எனக்கு முன்னால் அங்கே போய் அந்த வரியை அடித்துவிடச் சொல்லியிருந்தாள். "கொக்கு" என்று மட்டும் போட்டால் போதுமாம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காட்சி ஆரம்பித்து இரண்டாவது வாரம். கட்டும் இடத்தில் நாற்காலி கிடையாது. பல்லி அதைத் தூக்கிக்கொண்டு போய் அதன்மேல் ஏறிச் சென்சார் துடைக்கிறார். அக்காவுக்கு ஓய்வு நாளில் ஜிம் ஆடுகிறான். அவன் காலுக்குக் கெட்டியான உறை ஒன்று செய்து அதில் கவ்வி மாட்டியிருக்கிறேன். "அக்கா கால் மாதிரியே செஞ்சு குடு," என்று கேட்டு வாங்கிக்கொண்டான். இப்போது அவன் கொக்கும் தரைக்குள் போவதில்லை. கோழிதான், ஆனால் தரைமேல் நடக்கிற கோழி.

இன்று அக்கா தாமதமாக வந்தாள். இயக்குநர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மணி என்னம்மா ஆகுது? ஜனங்க உள்ள உக்காந்தாச்சு!"

"பஸ் லேட் சார்."

"எல்லாருக்கும்தான் பஸ் லேட். ஜிம் வரலையா? நான் வரலையா? முன்னாடி கிளம்பணும். இது உன் வீடா? இன்னொரு தடவை இப்படி வந்தே, அந்தக் கோழியையே இறக்கிடுவேன், பாத்துக்க!"

கிடங்கு அதிரத் திட்டினார். எல்லாரையும் திட்டுகிற அதே திட்டு. எனக்குக் கிடைக்கிற அதே திட்டு, பல்லிக்குக் கிடைக்கிற அதே திட்டு. மெதுவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் பட்டியை வைத்துக்கொண்டு, எனக்கு எப்போது பற்றிக்கொண்டு வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை.

அக்கா முனகிக்கொண்டே வந்தாள். "இந்த ஆளுக்கு வேற வேலையே இல்ல." பேண்ட்டை மடித்துவிட்டாள். கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"இறுக்கமா இருக்கா?" என்று கேட்டேன்.

"கேட்டுட்டுக் கட்டுறியே இப்பல்லாம்," என்றாள். "இன்னும் ஒரு விரல் இழு."